நாலு சுருள் கம்பி வாங்கப் போனோம்!

ஓட்டா என்று ஓர் ஊர். ஓட்டை அல்ல ஸார், ஓட்டா! டோக்கியோவின் அஸகுஸா ஸ்டேஷனில் ‘ரியோமோ’ எக்ஸ்பிரஸில் ஏறி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். குன்மா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜப்பானில் ஆளுக்கு ஆள் கார் அதிகமாக இருக்கும் மாவட்டங்களில் இதுவும் ஒன்று. பஸ்ஸுக்குக் காத்திருப்பவனை இங்கே கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள். (அந்தப் பரிதாபத்துக்கு நான் பழகிவிட்டேன்.)

ஊரின் முதலாளி, சுபாரு. தொழிற்சாலை இருக்கிற பேட்டைக்கே பெயர் ‘சுபாரு சோ’. அதாவது சுபாருபுரம்! 1917-ல் நகாஜிமா சிகுஹெய் என்பவர் இங்கேதான் விமானம் செய்ய ஆரம்பித்தார். யுத்தத்துக்குப் பிறகு விமானம் போய் கார் வந்தது. சுபாரு என்றால் என்ன தெரியுமா? நம் கார்த்திகை நட்சத்திரம்தான்! சின்னத்தில் ஆறு நட்சத்திரம். முருகனை வளர்த்த ஆறு பெண்களும் இங்கே கார் பானெட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறார்கள்.

இந்த ஊரில் என் ஆபீஸ் ஸீனியர் ஒருவர். திருநெல்வேலிக்காரர், எட்டு வருஷமாக இங்கே இருக்கிறார். நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு செகண்ட் ஹாண்ட் லெவோர்க் இருக்கிறது. லெவோர்க் என்றால் சுபாருவின் ஸ்டேஷன் வேகன். 2014-ல் லெகஸி வேகன் ஜப்பானில் நின்றபோது அதன் இடத்துக்கு வந்தது. நீளக் கார், டிக்கிக்கும் சேர்த்துக் கூரை, நாலு சக்கரமும் இழுக்கும். பனியில் வழுக்காது. மதினி, அஞ்சு வயசுப் பெண், அரிசி மூட்டை எல்லாம் அதில் அடங்கும்.

அண்ணாச்சிக்கு ஒரே ஒரு குறை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள சந்து.

“இதைப் பாருடே. ஒரு தலையணையே வைக்கலாம். கார் மாதிரியா இருக்கு? மழைக்கு வேட்டியத் தூக்கிக் கட்டின மாதிரில்லா இருக்கு!”

வைத்தியம், லோயரிங் ஸ்ப்ரிங். காரின் நாலு மூலையிலும் இருக்கும் சுருள் கம்பிகளை எடுத்துவிட்டு, குட்டையான, விறைப்பான வேறு நாலு போடுவது. வண்டி ‘பொத்’தென்று தரையோடு படிந்து புலி மாதிரி நிற்கும். போனஸ் வந்திருந்தது. ஆனால் அதே போனஸில்தான் ஊரிலிருந்து அம்மாவுக்கு டிக்கெட்டும் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு இடுப்பில் டிஸ்க் கோளாறு. வந்தால் இரண்டு மாதம் இந்தக் காரின் பின் ஸீட்டில்தான் பவனி.

“அத்தைக்கு வீட்டுல மெத்தை வாங்கச் சொன்னா, இவங்க காருக்குக் கம்பி வாங்கப் போறாங்க” என்றார் மதினி, என்னை நடுவராக்கி. நான் காபியைக் குடித்தேன்.

சனிக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனோம். ஓனருக்கு அறுபது வயசிருக்கும். சுவரில் வரிசையாக ஸ்ப்ரிங் தொங்கியது. சிவப்பு, நீலம், பச்சை என்று தீபாவளிக் கடை மாதிரி. அண்ணாச்சி நேராக நாற்பது மில்லிமீட்டர் இறக்கும் செட்டைக் காட்டினார். அதுதான் விலையும் குறைவு. ஓனர் அந்த ஸ்ப்ரிங்கைப் பார்க்கவே இல்லை. வெளியே போய்க் காரின் பின் கதவைத் திறந்தார். குழந்தை ஸீட்டைப் பார்த்தார்.

“இங்கே யார் உட்காருவார்கள்?” என்று கேட்டார்.

அப்புறம் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். அண்ணாச்சி மொழிபெயர்க்க, நான் கேட்டதைச் சொல்கிறேன்.

வண்டியை இறக்கினால், சக்கரம் மேலே ஏறி இறங்க இருக்கிற இடம் குறைகிறது. பள்ளத்தில் விழுந்தால் ஸஸ்பென்ஷன் கடைசியில் இருக்கிற ரப்பர் கட்டையில் ‘டங்’கென்று போய் இடிக்கும். இடிக்காமல் இருக்க ஸ்ப்ரிங் விறைப்பாக வேண்டும். விறைப்புக்கு ஒரு விசித்திரக் கணக்கு. கம்பியின் கனம் நாலாவது அடுக்கில் வேலை செய்கிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியைப் பதின்மூன்று ஆக்கினால் விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும்! கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர், இடுப்புக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது ஷாக் அப்ஸார்பர். ஸ்ப்ரிங் துள்ளும், துள்ளலை அடக்குவது அதன் வேலை. கம்பெனி ஸ்ப்ரிங்குக்கு அளந்து செய்த ஷாக், இரண்டு மடங்கு முரட்டு ஸ்ப்ரிங்கை அடக்க முடியாமல் திணறும். பாம்பன் கடலில் படகில் போகிற மாதிரி வண்டி ஆடிக்கொண்டே போகும்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு இன்னொரு தொல்லை. சாதாரணக் காரில் இஞ்சினிலிருந்து இரண்டு சக்கரத்துக்குத்தான் அச்சுத் தண்டு போகும். இதில் நாலுக்கும். ஒவ்வொன்றிலும் வளையும் மூட்டு இருக்கிறது, அதன் மேல் ரப்பர் உறை. வண்டி இறங்கினால் நாலு மூட்டும் எப்போதும் வேறு கோணத்திலேயே நின்று சுழலும். கொஞ்சம் இறக்கினால் பரவாயில்லை. அதிகம் போனால் மூட்டும் உறையும் சீக்கிரம் தேயும். நம் முழங்கால் மாதிரிதான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஜப்பானில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ‘ஷாகென்’ என்று காருக்கு ஒரு பரீட்சை. அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது ஒன்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்ப்ரிங் தன் இடத்தில் லொடலொடவென்று ஆடக் கூடாது. அண்ணாச்சியின் கார் கம்பெனியிலிருந்து வரும்போது இருந்தது பதின்மூன்று சென்டிமீட்டர் அளவு. நாலு சென்டிமீட்டர் கழித்தால்? முப்பத்தைந்து மார்க்கில் பாஸ்! அதுவும் ஸ்ப்ரிங் நாளாக நாளாக இன்னும் கொஞ்சம் படிந்தால் அவ்வளவுதான்.

கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு காமிரா வேறு. ‘ஐஸைட்’ என்று பெயர். முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும். காரின் உயரம் மாறினால் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஹெட்லைட்டின் நோக்கும் மாறும்.

அண்ணாச்சி முகம் தொங்கிப் போய்விட்டது. “அப்ப போடவே கூடாதுங்கீறா?”

“ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார் ஓனர்.

எங்கள் ஆபீஸில் ஒரு ஜப்பானியப் பையன் இருக்கிறான். பிரம்மச்சாரி. அவனிடம் அதே லெவோர்க், நாற்பது மில்லிமீட்டர் இறக்கியது. மறுநாள் காலை இரண்டு கார்களும் ஹருனா மலைக்குக் கிளம்பின. ஹைவேயில் ஷிபுகாவா-இகாஹோ வரை போய் அங்கிருந்து மலை ஏற வேண்டும். ‘இனிஷியல் டி’ என்ற காமிக்ஸில் தோஃபு விற்கிற பையன் ஒரு பழைய டொயோட்டாவில் எல்லோரையும் தோற்கடிப்பானே, அந்த ‘அகினா’ மலை வேறெதுவும் அல்ல, இந்த ஹருனாதான்.

ஏறும்போது நான் பிரம்மச்சாரி காரின் பின் ஸீட்டில். உண்மையைச் சொல்ல வேண்டும்: ஹைவேயில் சொர்க்கம்! லேன் மாறும்போது தண்டவாளத்தில் போகிற மாதிரி ஓர் உறுதி. வளைவில் உடம்பு சாயவே இல்லை. முன் ஸீட்டில் இருந்த அண்ணாச்சி (தன் காரை மதினியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்) திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இகாஹோ வரைக்கும்தான்.

மலைச் சாலையில் ‘இனிஷியல் டி’ ரசிகர்கள் ரேஸ் விடாமல் இருக்க, வளைவுகளில் குறுக்கே மேடு போட்டிருக்கிறார்கள். முதல் மேட்டில் என் பற்கள் ஒன்றோடொன்று பேசின. இரண்டாவதில் அடியிலிருந்து ‘சர்ர்ர்க்’ என்று தோசைக் கல்லைச் சுரண்டும் சத்தம். பையன் “ஸுமிமாஸென்” என்றான். யாரிடம் மன்னிப்புக் கேட்டான், எங்களிடமா, காரிடமா என்று தெரியவில்லை. குளிர்காலத்தில் எப்படி என்று கேட்டேன். பனியில் மற்ற வண்டிகள் போன தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் ஐஸ் மேடாகிவிடுமாம். அதில் வயிறு தட்டி நின்றுவிட்டால் நாலு சக்கரம் சுற்றியும் புண்ணியமில்லை. அதனால் பனி நாளில் ரயிலில் போவானாம்! பனிக்காக வாங்கின காரை வீட்டில் வைத்துவிட்டு!

மேலே சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் ஹருனா ஏரி. எரிமலை வாயில் தேங்கிய தண்ணீர், பின்னால் குட்டி ஃபூஜி மாதிரி ஒரு சிகரம். காற்று சில்லென்று அடித்தது. அண்ணாச்சி ஏரியைப் பார்க்கவில்லை. இரண்டு கார்களையும் பக்கத்தில் நிறுத்தி மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகு எது என்பதில் சந்தேகமே இல்லை, தாழ்ந்ததுதான். மதினியே ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

இறங்கும்போது அண்ணாச்சியின் சொந்தக் காரில் பின் ஸீட். மேடுகள் தெரிந்தன, வலிக்கவில்லை. ஆனால் வளைவுக்கு வளைவு குழந்தை என் மேல் சாய்ந்தது. கடைசியில் தூங்கியே விட்டது. வழியில் மிஸுஸாவா உடோன் சாப்பிட்டோம். நூடுல்ஸின் பெரியப்பா. இகாஹோவின் 365 கல்படிகளில் பாதி ஏறி, மீதியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி ஷெட். ஓனர் காரைத் தூக்கி டார்ச் அடித்தார். பின் பக்கம் ஒரு ஷாக்கில் எண்ணெய் கசிந்த ஈரம். “புது ஸ்ப்ரிங்கைப் பழைய ஷாக்கின் மேல் போட மாட்டேன்” என்றார். வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை என்கிற குரல்.

அண்ணாச்சி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஷாக்கை எப்படியும் மாற்றியாக வேண்டும். அதற்கு ஸ்ப்ரிங்கைக் கழற்றியே ஆக வேண்டும். கூலி ஒரு தரம்தான். அப்படியென்றால் இறக்கத்தைக் குறைத்துக்கொண்டால்? சுபாருவின் ரேஸ் பிரிவான எஸ்.டி.ஐ. விற்கிற ரகத்தில் பதினைந்து மில்லிமீட்டர்தான் இறங்கும். விறைப்பும் கொஞ்சம்தான் கூடும். அடியில் பதினொன்றரை சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும். ஓனர் முதல் தடவையாகத் தலையாட்டினார். நாலு ஷாக், நாலு ஸ்ப்ரிங், கூலி, அலைன்மென்ட். போனஸில் அம்மா டிக்கெட் போக மிச்சம் அவ்வளவும் காலி. அலாய் வீல் வாங்கும் திட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

வேலை நடக்கும்போது ஒன்று கவனித்தேன். கம்பிகளை மாற்றியதும் கீழ்ப்பக்க போல்ட்டுகளை முழுதாக முறுக்கவில்லை. காரைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் பாரம் விழுந்த பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்குகிற நிலையில் முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே கிடந்து கிழிந்துவிடுமாம். அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டைத் திருத்தி, ஐஸைட் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்று ஓட்டிக் காட்டித்தான் சாவி கொடுத்தார். “ஸ்ப்ரிங் படிந்ததும் இன்னொரு தரம் வாருங்கள், அளந்து பார்ப்போம்” என்றார்.

சந்து முழுதாக மறையவில்லை. தலையணை போய் ஒரு குஷன் வைக்கிற அளவு இருக்கிறது. அண்ணாச்சி ஸ்டீல் ஸ்கேல் வைத்து நாலு மூலையும் அளந்து, அளவுகளை ஆபீஸ் டைரியில் எழுதிக்கொண்டார். மதினி, “இறக்கினீங்களா, இல்ல காத்து இறங்கியிருக்கா?” என்றார்.

ஏப்ரலில் அம்மா வந்தார்கள். நரிட்டா ஏர்போர்ட்டிலிருந்து ஓட்டா வரை பின் ஸீட்டில் பேத்தியின் பக்கத்தில். பாலங்களின் இணைப்பு வரும்போதெல்லாம் அண்ணாச்சி கண்ணாடியில் அம்மாவின் முகத்தையே பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டுமே! அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் கதவைத் திறந்து, “எப்படிம்மா இருந்துச்சு வண்டி?” என்றார் அண்ணாச்சி.

“நல்லாத்தாம்ல இருக்கு. இடுப்பு வலிக்கல. ஆனா கொஞ்சம் தாழ்வா இருக்கு, எந்திரிக்க முடியல. கையக் குடு.”

மதினி என்னைப் பார்த்தார். நான் சூட்கேஸை எடுக்கப் பின்பக்கம் போய்விட்டேன்.