குழாய்க்கும் ஜாதகம் பார்க்கணும்!

நம்மவர்கள் வீடு கட்டும்போது கவனித்திருப்பீர்கள். பெயின்ட் கலருக்குப் பதினைந்து நாள் பட்டிமன்றம். டைல்ஸுக்கு ஒரு வாரம். வாசக்கால் வைக்க நாள், நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் உண்டு. தண்ணீர்க் குழாய்க்கு மட்டும், "ஏதோ ஒண்ணு பார்த்துப் போடுப்பா!" அவ்வளவுதான். காரணம், அது மண்ணுக்குள் போகிற சமாசாரம். கிரகப்பிரவேசத்துக்கு வருகிற சம்பந்தி, கொல்லையைத் தோண்டிப் பார்த்து, "அடடா, பைப் பிரமாதம்!" என்று சொல்லப் போவதில்லை.

போன வருஷம் இந்தக் குழாய் விவகாரம் என் தலையில் விழுந்தது. நான் அம்பத்தூரில் வாடகை ஃபிளாட்வாசி. அப்பா, அம்மா இருப்பது பூந்தமல்லி, திருமழிசை எல்லாம் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே இருநூற்று எண்பது அடி. அந்தக் காலத்தில் அப்பா போட்ட இரும்புக் குழாயில் தண்ணீர், அரசாங்க ஆபீஸில் ஃபைல் நகர்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது.

வாசலில் பஞ்சாயத்துக் குழாய் இருக்கிறது. 2019-ல் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நியாயமான கணக்குதான். ஆனால் அதில் மாடுகளைச் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு!

எனவே அறுபத்தெட்டு வயது அம்மா கிணற்றடியிலிருந்து குடம் சுமந்தாள். ஒரு நாளைக்குப் பதினாறு குடம். முழங்கால் வலி வேறு. கேட்டால், "நடந்தா சுகர் இறங்கும்னு டாக்டரே சொல்றாரேடா" என்றாள்.

"டாக்டர் குடத்தோட நடக்கச் சொல்லலைம்மா!"

புதுக் குழாய் போடுவதென்று தீர்மானம் ஆயிற்று. எந்தக் குழாய்? அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் இருந்தவர். இரும்பைத் தவிர வேறு எதையும் உலோகமாகவே மதிக்க மாட்டார்.

"பீரங்கிக்கு யாராவது பிளாஸ்டிக் போடுவாங்களாடா?"

"அத்திம்பேர், காலம் மாறிடுத்து. பி.வி.சி.தான்" என்றார் பட்டாபிராமிலிருந்து வந்த மாமா. ஹார்ட்வேர் கடைக்காரர் எல்லாவற்றையும் சிபாரிசு செய்தார். "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சார். லைஃப் டைம் கேரன்டி." யாருடைய லைஃப் என்று கேட்டேன். டீ வரவழைத்தார்.

முடிவைச் சொன்னது பழைய குழாயே. பிளம்பர் அதை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து அப்பா கையில் கொடுத்தார். வெளியே முக்கால் இன்ச். உள்ளே பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் வழி. மிச்சமெல்லாம் துருவும் உப்பும்.

"இன்னா சார், மாரடைப்பு வந்தவங்க ரத்தக்குழாய் மாதிரி கீது!" என்றார் பிளம்பர். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வைத்தார். ப்ராவிடண்ட் ஃபண்டில் கடன் வாங்கி அவர் போட்ட குழாய் அது.

அப்பா மீது தப்பில்லை. இரும்பு மீதும் தப்பில்லை. ஜி.ஐ. குழாய் என்பது இரும்புக்குத் துத்தநாகச் சட்டை போட்டது. உப்புத் தண்ணீர் அந்தச் சட்டையை மெள்ள மெள்ளத் தின்றுவிடும். அப்புறம் இரும்பு துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கூடவே தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் படிந்தால் வழி அடைபடாமல் என்ன செய்யும்? பிரான்ஸில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகளுக்காக 1660-களில் வார்ப்பிரும்புக் குழாய் பதித்தார்கள். முன்னூறு வருஷத்துக்கு மேல் உழைத்தது. இதைச் சொன்னதும் அப்பா முகத்தில் வெளிச்சம். "பார்த்தியா!"

"அது கனமான வார்ப்பிரும்புப்பா. தண்ணியும் வேற, மண்ணும் வேற."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டிக் குழாய் என்று தனியாக ஒன்று கிடையாது. கல்யாணம் மாதிரிதான். பையன் தங்கம், பெண் வைரம். ஆனாலும் பொருத்தம் இல்லையென்றால் குடித்தனம் நடக்காது. குழாய்க்கும் ஜாதகம் பார்க்கணும். பத்துப் பொருத்தம் வேண்டாம், ஐந்து போதும்.

ஒன்று, ஊற்றுப் பொருத்தம். மே மாதத்திலும் கிணற்றில் தண்ணீர் நிற்குமா? குழாய் மட்டும் இருந்தால் போதாது என்பதற்குச் சென்னைவாசிக்கு வீராணத்தை விட்டால் வேறு உதாரணம் வேண்டாம். பழைய வீராணம் திட்டம் 1970-களில் கைவிடப்பட்டு, ராட்சச சிமென்ட் குழாய்கள் சாலையோரம் கிடந்தன. தண்ணீர் வரவில்லை, வீடில்லாத ஜனங்கள் உள்ளே குடியேறினார்கள். 2004-ல் புது வீராணம் வந்த பிறகுதான் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து நம் போரூருக்குத் தண்ணீர் வந்தது.

இரண்டு, குணப் பொருத்தம். தண்ணீர் உப்பா, கடினமா என்று சோதனைச் சாலையில் கொடுத்துப் பாருங்கள். உப்பென்றால் பிளாஸ்டிக் ஜாதிதான் நல்லது. துருப்பிடிக்காது.

மூன்று, பிரஷர் பொருத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 4985 என்ற எண்ணும் இரண்டரை, நான்கு, ஆறு, பத்து கிலோ என்று அழுத்தத்தின் தரமும் அச்சிட்டிருப்பார்கள். ஹெச்.டி.பி.ஈ. என்றால் ஐ.எஸ். 4984. வயலுக்குப் பாய்ச்சுகிற மெல்லிசுக் குழாயை வீட்டு லைனுக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். உஷார்! மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் உள்ளே தண்ணீர் சம்மட்டி மாதிரி மோதும். எங்களுக்கு ஆறு கிலோ போதும், பத்து வாங்கினேன். விலை வித்தியாசம், இரண்டு ஆள் கூலி.

நான்கு, சுற்றளவுப் பொருத்தம். முக்கால் இன்ச்சுக்குப் பதில் ஒரு இன்ச் போட்டால், அதே தண்ணீருக்கு உராய்வு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறையும். மோட்டாருக்கும் மூச்சு வாங்காது. ஒரு சூட்சுமம்: பிளாஸ்டிக் குழாயில் சொல்லுகிற மில்லிமீட்டர் வெளி அளவு. 32 எம்.எம். என்றால் உள்ளே 32 இல்லை.

ஐந்து, ஆரோக்கியப் பொருத்தம். பி.வி.சி. தயாரிப்பில் ஈயம் கலந்த உப்புகளைச் சேர்க்கிற வழக்கம் இருந்தது. 2021-ல் மத்திய அரசு அதைப் படிப்படியாக நிறுத்த விதி கொண்டுவந்தது. ஈயத்தோடு மனிதனுக்குப் பழைய சகவாசம். ரோமாபுரியில் ஈயக் குழாய்தான்; லத்தீனில் ஈயத்துக்குப் பெயர் 'ப்ளம்பம்'. நம் பிளம்பரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்! அமெரிக்காவில் ஃப்ளின்ட் நகரத்தில் 2014-ல் தண்ணீரை வேறு ஆற்றுக்கு மாற்றினார்கள். அந்தத் தண்ணீர் பழைய குழாய்களின் ஈயத்தை அரித்துக்கொண்டு குழந்தைகள் குடிக்கிற டம்ளர் வரை வந்தது. குழாய் அதேதான், தண்ணீர் மாறியது, பொருத்தம் போயிற்று. எனவே பி.வி.சி. வாங்கினால், ஈயம் இல்லாததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்தும் பொருந்தி வந்த வரன், சுருளாக வருகிற கறுப்பு ஹெச்.டி.பி.ஈ. குழாய். ஒரு சுருள் நூறு மீட்டர். அதாவது 328 அடி. எங்கள் தூரம் 280. மண்ணுக்குள் ஒரு ஜாயின்ட்கூடக் கிடையாது! ஒழுகினால் ஜாயின்ட்டில்தானே முதலில் ஒழுகும்?

நான் பி.காம். கணக்குப் போடாமல் இருப்பேனா? மொத்தச் செலவில் குழாயின் விலை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் பள்ளம் தோண்ட, மணல் அடிக்க, மூட. மட்டக் குழாய் வாங்கி மிச்சம் பிடித்தால், அது போகும்போது குழாயை மட்டுமா மாற்றுகிறோம்? பள்ளத்தையும் மறுபடி வாங்க வேண்டும். 'சங்க் காஸ்ட்' என்று காலேஜில் நடத்தினார்கள். புதைந்து போன செலவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

பள்ளம் இரண்டரை அடி. அடியில் கல், செங்கல் உடைசல் இல்லாமல் மணல் மெத்தை. சூட்டில் நீண்டு குளிரில் சுருங்குமாதலால், குழாயை விறைப்பாக இழுக்காமல் சாரைப்பாம்பு மாதிரி லேசாக வளைத்துப் போட்டோம். மூடுவதற்கு முன் மோட்டார் போட்டு ஒரு முழு நாள் சோதனை.

நடுவில் டிராக்டர் போகிற தடம். "இது மேல வண்டி ஏறினா உன் பிளாஸ்டிக் என்னடா ஆகும்?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. பதிலையும் அவரே கொண்டுவந்தார். கிணற்றடியில் கிடந்த பழைய மூன்று இன்ச் இரும்பு டெலிவரி பைப். அதைத் தடத்துக்குக் குறுக்கே பதித்து, அதற்குள்ளே பிளாஸ்டிக்கை நுழைத்தோம். இரும்பு பாரம் தாங்கும். பிளாஸ்டிக் தண்ணீர் சுமக்கும்.

"பார்த்தியா, கடைசியில இரும்புதான் காப்பாத்துது!" என்றார் அப்பா. டாங்க் ஃபேக்டரி ஜெயித்துவிட்டது.

குழாய் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடியில் போகிறது என்று ஒரு படம் வரைந்து, பட்டாவோடும் வீட்டு வரி ரசீதோடும் ஃபைலில் வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள். அடுத்த தலைமுறை கடப்பாரையோடு வரும்போது உபயோகப்படும்.

அம்மாவின் குடங்கள் பரண் ஏறிவிட்டன. "இனிமே நடக்க வேலையே இல்லை. சுகர் ஏறினா நீதான் பொறுப்பு" என்கிறாள். ஆனால் சாயங்காலம் வெறுங்கையோடு கிணறு வரை போய்வருகிறாள், குழாய் போன தடத்தின் மேலேயே.

மண் இறுகுமாம். பிளம்பர் சொன்னாராம்.