ஒன்பது வோல்ட் உறுமல்

ஆடியோ எஞ்சினியர்கள் என்னும் கூட்டத்துக்கு ஒரே ஒரு பரம எதிரி உண்டு. பெயர் டிஸ்டார்ஷன். உள்ளே போன சத்தம் எப்படிப் போனதோ அப்படியே, கொஞ்சம் பெரிசாக வெளியே வரவேண்டும். நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு அதுதான் இலக்கணம். உருமாறி வந்தால் டிஸ்டார்ஷன். நான் வேலை பார்த்த நாட்களில் இதை அளப்பதற்கென்றே ஒரு மீட்டர் வைத்திருந்தோம். முள் அரை சதவிகிதத்தைத் தாண்டினால் மேலதிகாரி முகம் சுருங்கும். ஒரு சதவிகிதம் என்றால் பெட்டி திரும்பி வந்துவிடும். அந்த முள்ளைக் கீழே இறக்குவதிலேயே என் ஆயுளில் இருபது வருஷம் போயிற்று.

அதே முள்ளை வலது கோடிக்கு விரட்டுவதற்காகக் காசு கொடுத்துப் பெட்டி வாங்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எலெக்ட்ரிக் கிடார்காரர்கள். பெடல் என்று பெயர். சோப்பு டப்பாவைவிடச் சற்றுப் பெரிசு. மேலே இரண்டு மூன்று திருகு, காலால் மிதிக்க ஒரு சுவிட்ச், உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி. கிடாரிலிருந்து வரும் ஒயர் இதில் நுழைந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. மிதித்தால் கொஞ்சிக் கொண்டிருந்த கிடார் உறுமும்.

கெட்டுப்போன சத்தத்தை எவன் முதலில் விரும்பினான் என்று தேடிப் போனால், எல்லாமே விபத்து. 1951-ல் மெம்ஃபிஸ் நகரத்துக்கு 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்யப் போன ஐக் டர்னர் கோஷ்டியின் ஆம்ப்ளிஃபயர் வழியில் பழுதாகிவிட்டது. (மழையில் நனைந்தது என்றும், காரிலிருந்து விழுந்தது என்றும் இரண்டு கட்சி உண்டு.) ஸ்டுடியோ சொந்தக்காரர் சாம் ஃபிலிப்ஸ், ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, வாசியுங்கள் என்றார். சாக்ஸஃபோன் போலக் கரகரத்தது. பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்.

1958-ல் லிங்க் ரே என்பவர் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டு 'ரம்பிள்' வாசித்தார். ஒரு வார்த்தைகூட இல்லாத வெறும் வாத்திய இசை. பிள்ளைகள் கெட்டுவிடும் என்று சில அமெரிக்க ரேடியோ நிலையங்கள் அதைப் போட மறுத்தன. தணிக்கை சரித்திரத்தில் தனி இடம் தரவேண்டிய சாதனை இது. 1964-ல் லண்டன் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்தார். அப்போது வயது பதினேழு. அந்த வயதில் வீட்டுப் பொருளைக் கிழித்து உலகப் புகழ் பெற்றவர்கள் குறைவு.

என்னைக் கவர்ந்த விபத்து நாஷ்வில்லில் நடந்தது. மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோண்ட் ஒர்ரி' பாட்டுக்கு கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிடார் வாசித்தபோது, மிக்ஸரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் செத்துக் கொண்டிருந்தது. நடுவில் குளவிக்கூட்டம் புகுந்தமாதிரி ஒரு சத்தம். அழிக்காமல் விட்டார்கள். 1961-ல் பாட்டு வெளியாகி ஹிட். எங்களுக்கும் அந்தச் சத்தம் வேண்டும் என்று மற்றவர்கள் வந்து நின்றபோது, டிரான்ஸ்ஃபார்மர் முழுசாகச் செத்திருந்தது! ஒலிப்பதிவு எஞ்சினியர் கிளென் ஸ்னாடி உட்கார்ந்து யோசித்து, மூன்று டிரான்சிஸ்டர் வைத்து அந்தப் பழுதை செயற்கையாகத் தயாரித்தார். கிப்ஸன் கம்பெனி அதை வாங்கி 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்று விற்பனைக்கு விட்டது. பழுதுபார்க்கிறவர் பழுது செய்துகொடுத்த முதல் சம்பவம்.

வேடிக்கை என்னவென்றால், கம்பெனிக்கே அது எதற்கென்று தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டால் கிடாரில் டிரம்பெட் வாசிக்கலாம், டியூபா வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆரம்ப மோகம் தணிந்ததும் கடைகளில் தூங்கியது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் அதை மிதித்தார். அவரும், பின்னால் இந்த இடத்தில் டிரம்பெட்காரர்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று அடையாளத்துக்குத்தான் வாசித்தாராம். மற்றவர்கள் இதுவே இருக்கட்டும் என்றார்கள். அந்த வருஷமே ஸ்டாக் காலி.

உள்ளே என்ன நடக்கிறது? ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் மின்னழுத்தம் போக முடியாது. அலை அதைவிட உயரமாக வந்தால் உச்சி முட்டி நசுங்கும். இந்த நசுங்கலில் மூல ஸ்வரத்தோடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. அவைதான் கரகரப்பு. நசுக்கும் விதத்தைப் பொறுத்துப் பெயர் மாறும். சலூன் பாஷையில் சொன்னால், தலைமுடியைப் படிய வாரினால் ஓவர்டிரைவ், ஒட்ட வெட்டினால் டிஸ்டார்ஷன், மொட்டை அடித்தால் ஃபஸ்.

ஓவர்டிரைவில் ஒரு நளினம் உண்டு. தந்தியை மெள்ளத் தொட்டால் அலை கூரையை எட்டாது, சத்தம் சுத்தமாக வரும். அழுத்தி அடித்தால் உறுமும். மனிதத் தொண்டையும் இப்படித்தானே? தெருக்கூத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு வாத்தியார் எடுக்கும் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். சுருதிப் பெட்டிச் சுத்தம் அதில் கிடையாது. ஆனால் கடைசி வரிசையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான்.

நம் தம்புராவை மறந்துவிடக் கூடாது. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு துண்டு நூலை வைத்து, அப்படியும் இப்படியும் நகர்த்துவார்கள். சரியான இடத்தில் நின்றதும் 'ங்ங்...' என்று ரீங்காரம் கிளம்பும். நூலை எடுத்துவிட்டால் தந்தி சுத்தமாகத்தான் ஒலிக்கும், ஆனால் சவம். அந்த நூலுக்கே ஜீவா என்று பெயர். தம்புரா, வீணைக் குதிரைகளின் வளைவு, இருக்கக்கூடாத ஸ்வரங்களையெல்லாம் எப்படி எழுப்புகிறது என்று சி.வி.ராமன் 1921-ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பெடலை மிதித்துவிட்டு மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து அடித்தால் ஒன்றோடொன்று மோதிக் குழம்பாகிவிடும். அதனால் கனத்த ராக் இசையில் பெரும்பாலும் இரண்டே ஸ்வரம்தான். பவர் கார்டு என்பார்கள். நம் கணக்கில் ஸ, ப!

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது என் அக்கா பையனால். ஐ.டி. கம்பெனியில் வேலை. ஒருநாள் அக்கா போன் செய்தாள். "நீ கொஞ்சம் சொல்லேன்டா அவன்கிட்ட. பழைய டப்பா ஒண்ணு, அறுபதாயிரமாம். அந்தக் காசுக்கு ஏதாவது தங்கமாவது வாங்கி வைக்கலாம்ல?"

டப்பா என்பது டியூப் ஸ்க்ரீமர். ஜப்பானில் மேக்ஸான் கம்பெனியின் சுசுமு டமுரா வடிவமைத்து, ஐபனெஸ் பெயரில் 1979-ல் வந்த பச்சைப் பெட்டி. டெக்ஸஸ்காரர் ஸ்டீவி ரே வான் இதை மிதித்து வாசித்தபின் கிடார்காரர்கள் இதன்மேல் பைத்தியமானார்கள். கெட்டிக்காரச் சர்க்யூட் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நசுங்கிய அலையோடு நசுங்காத அலையையும் கொஞ்சம் கலந்து அனுப்புகிறது. அடி ஸ்வரங்களைக் குறைத்து நடு ஸ்தாயியைத் தூக்கிவிடுகிறது. கீழே டிரம்மும் பேஸும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கிடார் நடுவில் தலை நீட்டிக்கொண்டு தெளிவாகக் கேட்கும். கும்பலில் உயரமான ஆள் மாதிரி.

"அதே பச்சைப் பெட்டி இப்பவும் புதுசா வருதேடா?" என்றேன்.

"இல்ல மாமா, அந்தக் காலத்து சிப் இதுல கிடையாது."

என்ன சிப் என்று கேட்டேன். 4558 என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிச்சி தெருவில் பாஸ், டிரெபிள் போர்டு என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அதில் எட்டுக் காலோடு உட்கார்ந்திருப்பது இந்த 4558-தான். டீக்கடை ஆம்ப்ளிஃபயரில் பாதி இதை நம்பிப் பிழைக்கிறது. சில்லறைக் காசு. ஆனால் குறிப்பிட்ட ஜப்பான் தயாரிப்பு, குறிப்பிட்ட காலம் என்று இதிலும் குலம் கோத்திரம் பார்க்கிறார்கள்.

இந்தப் பக்தி எதுவரை போகும் என்பதற்கு உதாரணம் க்ளான் சென்டார். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் பில் ஃபினகன் என்பவர் 1994-லிருந்து பதினைந்து வருஷம்போலக் கையாலேயே செய்து விற்ற ஓவர்டிரைவ். மொத்தமே ஏறக்குறைய 8000. யாரும் காப்பி அடிக்கக்கூடாதென்று சர்க்யூட்டின் மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடிவிட்டார். மூடினால் கேட்க வேண்டுமா? புதையல் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். பிசினைச் சுரண்டி உள்ளே இருப்பதையும் கண்டுபிடித்தாயிற்று, நகல்களும் ஏராளம். இருந்தும் அசல் பெட்டி ஒன்று சில லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகிறது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய ஃபஸ் ஃபேஸ் இன்னொரு ரகம். 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வட்டமாக, மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு மாதிரி செய்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கையில், அதாவது காலில், அமர்க்களப்பட்டது. ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது. சூடேறினால் குணம் மாறும். சித்திரை மாசம் சென்னை மொட்டைமாடிக் கச்சேரியில் அதன் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்கா பையன் விஷயத்தில் என்னை உறுத்தியது அறுபதாயிரம் இல்லை. கல்லூரி நாட்களில் ராத்திரி இரண்டு மணி வரை வாசித்து வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினவன். இப்போது எட்டு மாதமாகக் கிடார் உறையைவிட்டு வெளியே வரவில்லை என்றாள் அக்கா. ஏண்டா என்றதற்கு, "சவுண்ட் சரியில்ல மாமா, எடுக்கவே தோணல. அந்தப் பெடல் வந்தா சரியாயிடும்" என்றான். சம்பளம் வாங்குகிற பையனை இதற்கு மேல் என்ன கேட்பது?

ஒன்று செய்தேன். ரிச்சி தெருவில் இரண்டு 4558, டயோடு, டாட் போர்டு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை சால்டரிங் அயர்னைத் தூசி தட்டினேன். அதே சர்க்யூட், தகர டப்பாவில். சுவிட்சோடு சேர்த்து ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. அசலை விற்பவரிடம் ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் பையன் இரவல் வாங்கி வந்தான். இரண்டையும் துண்டு போட்டு மூடினேன்.

முதலில் அவன் மாற்றி மாற்றி வாசிக்க, நான் கண்ணை மூடிக் கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "கேக்கறவங்களுக்குத் தெரியாது மாமா, வாசிக்கறவன் விரலுக்குத்தான் தெரியும்" என்றான். நியாயமான ஆட்சேபணை. விரல் கொடுக்கும் அழுத்தத்துக்குப் பெட்டி எப்படிப் பதில் சொல்கிறது என்பதில்தான் ஓவர்டிரைவின் உயிர் இருக்கிறது. ஆகவே நான் மாற்றினேன், அவன் கண்ணை மூடி வாசித்து அசல் எது என்று சொன்னான். பத்து தடவை. மூன்று தடவை சரி. மீதி ஏழு தடவையும் என் தகர டப்பாவைக் காட்டி, "இதுதான் ஒரிஜினல்" என்றான்.

உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவில்லை. பத்துக்கு ஏழு என்பது, காசு சுண்டினாலே ஆறு தடவைக்கு ஒரு தடவையாவது கிடைக்கக்கூடிய விடை. இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை என்பதுதான் சரியான தீர்ப்பு. அதைச் சொல்லத் திரும்பினால், பையன் கேட்கிற நிலையில் இல்லை. எதை மிதித்தோம் என்ற கவலையே இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். அக்கா கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இருடா" என்று கையைக் காட்டினாள். ஒன்றரை மணி நேரம். மிக்ஸி போட வேண்டிய வேலையைக்கூடத் தள்ளி வைத்துவிட்டாள்.

பெடலை அவன் வாங்கினானா என்றால், வாங்கிவிட்டான். ஐம்பத்தைந்தாயிரத்துக்குப் பேசி முடித்தான். சனிக்கிழமைகளில் பழைய கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அக்காவுக்கு டீ போட்டு மாளவில்லை. அசல் பெட்டியை யாராவது மிதித்து உடைத்துவிட்டால் என்ன செய்வது என்று வெல்வெட் துணியில் சுற்றி பீரோவில், அக்காவின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். மிதிபடுவது தகர டப்பா. போன வாரம் அதில் ஒரு ஒயர் விட்டுப்போய்க் கரகரவென்கிறது என்று கொண்டுவந்தான். எந்தக் கரகரப்பு என்று விளக்கமாகக் கேட்டுக்கொண்டுதான் திறந்தேன்.