பரணில் இருந்த ஸ்பூல் டேப்

1/ வீட்டுப் பரண்ல, பீரோ அடியில பழைய ஸ்பூல் டேப் ஏதாவது கிடக்குதா? ஆசையில உடனே மெஷின்ல மாட்டிடாதீங்க. நான் மாட்டினேன். 20 விநாடி போச்சு. அது என்ன 20 விநாடின்னு கடைசியில சொல்றேன்.

2/ பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துட்டு பென்ஷனோடு ஊர் திரும்பினவங்களை புதுச்சேரியில 'சொல்தா'ன்னு சொல்வோம். எங்க அம்மாவோட அப்பா ஒரு சொல்தா. வரும்போது ஒரு ஜெர்மன் டேப் ரெக்கார்டர் கொண்டு வந்தார். பதிவு ஆகும்போது அதுல ஒரு பச்சைக் கண் துடிக்கும். ரேடியோ பாட்டைப் பிடிச்சு வச்சு, ராத்திரி வீடே உட்கார்ந்து கேட்குமாம்.

3/ இதே ஊர்ல ஆசிரம அன்னை சத்பிரேமோடு நடத்திய உரையாடல்கள் டேப்பில் பதிவாகி, பிறகு 13 தொகுதிகளாக அச்சில் வந்தன. எங்க டேப் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. அட்டைப்பெட்டி மேல தாத்தா கையெழுத்தில 'பொங்கல் 1964', அவ்வளவுதான்.

4/ கொஞ்சம் அனாட்டமி. நாடாவின் அகலம் 6.3 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் பட்டை, அதன்மேல் பசை, பசைக்குள் இரும்பு ஆக்சைடு தூள். குரல் இருப்பது அந்தத் தூளின் காந்தத்தில். காந்தம் சுலபத்தில் போகாது. கெட்டுப்போவது பட்டையும் பசையும்தான். நம்ம கடலோர ஈரக்காற்று ரெண்டுக்குமே எதிரி.

5/ முக்கியமான நோய்கள் மூணு.
வினிகர் வாசனை அடிச்சா: அசிடேட் பட்டை சிதையுது, சுருங்கி நொறுங்கும்.
பிசுபிசுன்னு ஒட்டினா: பசை ஈரம் குடிச்சிருக்கு. 1970, 80களின் சில டேப்புகளில் இது அதிகம்.
வெள்ளையா பூத்திருந்தா: பூஞ்சை. மாஸ்க் போடாம தொடாதீங்க.

6/ சுலபமான பரிசோதனை: ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. ஊடே வெளிச்சம் தெரிஞ்சா பெரும்பாலும் அசிடேட். பிசுபிசு டேப்பை மிதமான சூட்டில (சுமார் 54 டிகிரி செல்சியஸ்) பல மணி நேரம் உலர்த்துவாங்க. அது நிபுணர் வேலை, வீட்டு அவன்ல வேண்டாம். அசிடேட்டை சூடே படுத்தக் கூடாது.

7/ இதெல்லாம் நான் பிறகு படிச்சது. அன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பக்கத்துல. வினிகர் வாசனை வந்தது. பழைய பெட்டி வாசனைன்னு நினைச்சேன். ரப்பர் உருளை பல வருஷத்துல இளகி பிசினாகியிருந்தது. அதையும் தொட்டுப் பார்க்கலை. பட்டனை அழுத்தினேன். நாடா உருளையில சுத்திக்கிட்டு பொடிப்பொடியா நொறுங்கிடுச்சு. நோயாளி வந்தவுடனே கத்தியை எடுக்கிற டாக்டர் உண்டா? நான் எடுத்தேன்.

8/ போனது சுமார் 2 மீட்டர். நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்துல 20 விநாடி. அப்புறம்தான் ஒழுங்கா வைத்தியம்: உருளையை மாத்தி, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, அறுந்த இடத்தை அதற்கான ஒட்டு டேப்பால சேர்த்து (சாதாரண செலோடேப் பசை கசியும்), கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணிக்கிட்டே ஓட்டினோம். இந்த வயசு டேப்புக்கு அடுத்த வாய்ப்பு நிச்சயமில்லை.

9/ ஆயா குரல் வந்தது. தாத்தாவைத் திட்டுறாங்க, "பொங்கல் ஆறுது, அந்தப் பெட்டியை விட்டுட்டு வாங்க"ன்னு. அப்புறம், "பாப்பா, நீ ஒண்ணு பாடு." பாப்பா எங்க அம்மா, அப்போ 6 வயசு. அங்கேதான் ஒட்டு. அடுத்து வர்றது கைதட்டல்.

10/ "என்ன பாட்டு பாடினேன்?"னு அம்மா என்னைக் கேட்டாங்க. அவங்களுக்கு ஞாபகம் இல்லை. அது தெரிஞ்ச மத்தவங்க யாரும் உயிரோட இல்லை.

11/ அதனால உங்க வீட்டு டேப்பை முதல்ல மோந்து பாருங்க, வெளிச்சத்துல பிடிங்க, மெஷினைச் சரிபாருங்க. சந்தேகம் இருந்தா தெரிஞ்சவங்க கைக்குப் போற வரைக்கும் ஈரமில்லாத இடத்துல நிமிர்த்தி வைங்க. 60 வருஷம் காத்திருந்த டேப், இன்னும் ரெண்டு வாரம் காத்திருக்கும்.