ஏறும் இடமும் இறங்கும் இடமும்

ஸ்ரீவாரி மெட்டு வழியாகத் திருமலை ஏற 2,388 படிகள். தூரம் சுமார் 2 கிலோமீட்டர். நல்ல கால் உள்ளவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய்விடுவார்கள். தரிசனம் முடித்து லட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், அது மலையின் இன்னோர் அடிவாரமான அலிபிரி வழியாகத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடும். காலையில் காரை விட்டுவிட்டு வந்த இடமோ, சீனிவாச மங்காபுரத்தையும் தாண்டி, ஊருக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போலத் தள்ளி, காட்டோரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டோக்காரர் கேட்கும் காசு, சில நாள் மொத்தக் குடும்பமும் ஊரிலிருந்து வந்த பெட்ரோல் செலவை எட்டிவிடுகிறது.

எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். வண்டி ஓட்ட ஒருவர். மற்றவர்கள் மஞ்சள் குங்குமத் தட்டோடு படி ஏறப் போவார்கள். அவர் காரைத் திருப்பிக்கொண்டு அலிபிரிக்குப் போய், சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, மலைப்பாதையில் மேலே வந்து எங்களுக்காகக் காத்திருப்பார். என் சித்தப்பா பல வருஷம் இந்த வேலையைப் பார்த்தார். கால் திடமாக இருந்த காலத்தில் வண்டியோடு இருந்துவிட்டார். மூட்டு போன பிறகுதான் ஒரு நாள் சொன்னார்: "நான் மெட்டு ஏறினதே இல்லப்பா." அந்த வார்த்தை என்னை விடவில்லை. நடந்து போவதற்கென்றே இருக்கிற ஒரு பாதைக்கு, ஒருவர் நடக்காமல் இருந்தால்தான் மற்றவர்கள் போக முடியும் என்ற நிலை எப்போது வந்தது? இதைத் தேடித்தான் திருச்சானூரில் அத்தை வீட்டில் தங்கினேன்.

திருச்சானூர்க்காரர்களுக்கு வண்டி நிறுத்தும் தொல்லை புதிதல்ல. கார்த்திகைப் பிரம்மோற்சவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று பத்மசரோவரத்தில் முழுக்குப் போட வரும் கூட்டத்தில், தெருவில் சைக்கிள்கூட நுழையாது. சென்னையிலிருந்து வரும் திருக்குடைகள் முதலில் இங்கே பத்மாவதித் தாயாரிடம் வந்துவிட்டுத்தான் மலைக்குப் போகும். தாயாரைச் சேவித்துவிட்டு மலையேறும் வழக்கம் உள்ளவர்களுக்கு யாத்திரை இந்த ஊரில்தான் தொடங்குகிறது. அதனால் இங்கே இருக்கும் வயதானவர்களைக் கேட்டால் பழைய போக்குவரத்து தெரியும் என்று நம்பினேன்.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய மாமனார் மாட்டுவண்டி வைத்திருந்தவர். "எங்க மாமனாரு விடியக்காலம் ரெண்டு மணிக்கு வண்டி பூட்டுவாராம். வெளிச்சம் வர்றதுக்குள்ள அலிபிரில இறக்கி விட்டுட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத் திரும்பிடுவாரு. என்னிக்கு இறங்குவீங்கன்னு கேட்டுக்குவாரு. அன்னிக்கு வண்டி அங்க நிக்கும்."

"அலிபிரிலயேவா அத்தை?"

"வேற எங்க இறங்குவாங்க? ஏறின படிலதானே இறங்கணும்."

நான் தேடிக்கொண்டிருந்ததில் பாதி இந்த ஒரு பதிலில் கிடைத்துவிட்டது. நடந்து ஏறியவர் நடந்தே இறங்கிய காலத்தில் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கே இடமில்லை. நடக்க முடியாதவர் டோலியில் போனார். டோலியும் அதே படிகளில்தான் ஏறி இறங்கியது. அடிவாரத்தில் ஓர் இடம், அங்கே வண்டியும் மாடும் மூட்டையும் மண்டபமும். ராமானுஜர் அடிவாரத்தில் தங்கித் தம் மாமா திருமலை நம்பியிடம் ஓராண்டு ராமாயணம் கேட்டார் என்பது வைணவ மரபு. மலையின் கால்மாடு என்பது தங்கவும் படிக்கவும் ஓர் ஊர் போல இயங்கிய இடம் என்பதை அந்தக் கதையே காட்டுகிறது.

மீதிப் பாதி, இரண்டு வழிகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் எல்லா வசதியும் போய்ச் சேர்ந்தது என்பது. அலிபிரி வழிக்கு 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர். ஸ்ரீவாரி மெட்டு அதில் கால்வாசித் தூரம்கூட இல்லை. குறுக்குவழி இருக்கும்போது நீண்ட வழி எப்படிப் பெருவழி ஆனது?

மெட்டு வழிதான் பழையது என்று அந்தப் பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். பத்மாவதித் தாயாரை மணந்த பின் சீனிவாசர் ஆறு மாதம் மங்காபுரத்தில் தங்கி, பிறகு இந்த வழியாக மலைக்குப் போனார் என்பது தலக்கதை. வரலாற்றுப் பக்கம் வந்தால் சந்திரகிரிக் கோட்டை மிக அருகில். விஜயநகரத்து அரசர்களுக்கு இந்தப் பகுதியில் அதுவே முக்கியமான இடம். திருமலைக்கு 7 முறை வந்த கிருஷ்ணதேவராயர் சந்திரகிரியிலிருந்து இந்தப் படிகளில் ஏறினார் என்றும் சொல்வதுண்டு. ஆட்சி சந்திரகிரியில் இருந்தவரை மெட்டு கைக்கெட்டும் வழியாக இருந்திருக்க வேண்டும். பிறகு கோட்டை ஓய்ந்தது. 1891-இல் விழுப்புரம், காட்பாடி, பாகாலா வழியாக வந்த மீட்டர்கேஜ் ரயில் திருப்பதி ஊருக்குள்ளேயே ஸ்டேஷனைக் கொண்டுவந்தது. தென்னாட்டுக் கூட்டம் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்தில் இறங்கியது. அங்கிருந்து அலிபிரி நடை தூரம். மெட்டுக்கு வண்டி வேண்டும். இது என் ஊகம்தான், ஆனால் ஸ்டேஷன் வாசலில் நின்று மலையைப் பார்க்கிற யாருக்கும் இதே எண்ணம் வரும்.

அதற்கடுத்த பெரிய மாற்றம் 1944. அந்த ஏப்ரலில் முதல் மலைச்சாலையைச் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்தார். 1933 முதல் கோயில் நிர்வாகத்தை நடத்திவந்த தேவஸ்தானத்துக்கு அப்போது வயது பதினொன்றுதான். சாலை அலிபிரியில் தொடங்கியது. தேவஸ்தானமே பஸ் விட்டது. 1970-களில் இரண்டாவது சாலை வந்தது. ஒன்று ஏற, ஒன்று இறங்க என்று ஆனது. 1975-இல் பஸ்கள் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் கைக்குப் போயின. இரண்டு சாலைகளும் அலிபிரியிலேயே வந்து முடிகின்றன. 2003 அக்டோபர் 1-ஆம் தேதி, பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் கொண்டுபோன முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் கார் மீது அலிபிரிக்கருகே கண்ணிவெடித் தாக்குதல் நடந்தது. அதன்பின் சாவடியில் சோதனை இறுகியது. இன்று ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்று, பைகளை இறக்கி ஸ்கேன் செய்து, மறுபடி ஏற்றிக்கொண்டு போகிறது.

சாலை வந்ததும் யாத்ரீகர்கள் இரண்டு வகை ஆனார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்: நடக்கிறவர், பஸ்ஸில் போகிறவர். இன்று மூன்றாவது வகையும் உண்டு. ஏறுவது நடந்து, இறங்குவது பஸ்ஸில். வேண்டுதல் ஏறுவதில் இருக்கிறது. இறங்குவதில் முழங்கால் வலிதான் மிச்சம். அத்தையின் மாமனார் வண்டி நிறுத்திய காலத்தில் ஒன்றாக இருந்த ஏறுமிடமும் இறங்குமிடமும் இப்படித்தான் பிரிந்தன. அலிபிரியில் ஏறுகிறவருக்கு இந்தப் பிரிவு தெரிவதேயில்லை. பஸ் கீழே வரும்போது அவர் கால் வைத்த இடத்தைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அலிபிரி லிங்க் பஸ் ஸ்டாண்டில் விட்ட வண்டி அங்கேயே இருக்கும். மூட்டையைக் கவுன்ட்டரில் கொடுத்தால் தேவஸ்தானம் காசு வாங்காமல் மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறது. மெட்டில் ஏறுகிறவருக்கும் அந்த மூட்டை வசதி உண்டு. அவருடைய கார் மட்டும் தனியே நிற்கிறது.

"நடந்தே இறங்கிவிட்டால் போயிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. மெட்டு காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும் பாதை. தரிசனம் எப்போது முடியும் என்பது யார் கையிலும் இல்லை. காலையில் ஏறியவர் மகாதுவாரத்தை விட்டு வெளியே வரும்போது இருட்டிவிட்டால், இறங்க மனமிருந்தாலும் வழி அடைத்திருக்கும். பஸ்தான். அந்த பஸ் போவது கிழக்கே, கார் இருப்பது மேற்கே.

பாதையை மூடுவதில் தப்பு சொல்ல முடியாது. சேஷாசலம் 1989-இல் தேசியப் பூங்காவாகவும் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் பிற்பகல் 2 மணிக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நடைபாதைகளில் அனுப்பவில்லை. நடக்கிறவர்கள் கையில் தடி கொடுத்தார்கள். அந்தக் குழந்தையின் செய்தியைப் படித்த யாரும் பாதை நேரத்தைத் தளர்த்தச் சொல்லமாட்டார்கள். காட்டை வெட்டி மெட்டடியில் பெரிய பார்க்கிங் கட்டச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

மெட்டடிக்குக் கார்க்கூட்டம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடந்து வருகிறவர்களுக்குத் தனி தரிசன டோக்கன். திவ்ய தரிசனம் என்று பெயர். கொரோனாவில் 2020-இல் நின்று, 2023 ஏப்ரலில் மறுபடி வந்தபோது அலிபிரி வழிக்கு நாளுக்கு 10,000, மெட்டு வழிக்கு 5,000 என்று வைத்தார்கள். டோக்கனும் உண்டு, படியும் குறைவு என்றால் எந்தக் குடும்பம் மெட்டை விடும்? மெட்டடியில் கவுன்ட்டர் திறப்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டியிருந்ததால் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தன. நான் பார்த்த விடியலில் காட்டுச்சாலையின் இரண்டு ஓரமும் கார்கள், வேன்கள். ஒரு வேனின் முன்கண்ணாடியில் "வண்டியை எடுக்க" என்று தமிழில் எழுதி, கீழே போன் நம்பர் போட்ட அட்டை. அதன் டிரைவர் ஸ்டியரிங் மீது கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு சித்தப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

2025 ஜூனில் மெட்டு டோக்கன் கொடுப்பதைத் தற்காலிகமாக அலிபிரி பூதேவி வளாகத்துக்கு மாற்றினார்கள். அப்போது அலைச்சல் புது உருவம் எடுத்தது. அலிபிரியில் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, மங்காபுரம் போய், படியேறி, வழியில் 1,200-ஆம் படியில் ஸ்கேன் செய்து, மேலே போய், மறுபடி அலிபிரியில் வந்து இறங்க வேண்டியிருந்தது. மலையை ஒரு சுற்றுச் சுற்றுவதில் பாதி, ஆட்டோவில்.

புதுச் சாலை வசதியும் அதே பக்கம்தான் போனது. திருச்சானூர்ச் சாலைப் பக்கமிருந்து, அலிபிரிக்குப் போகும் வழியிலுள்ள கபிலதீர்த்தம் பக்கம் வரை நகரத்தின் தலைக்கு மேல் ஓடும் ஸ்ரீநிவாச சேது மேம்பாலம் 2023 செப்டம்பரில் முழுதாகத் திறந்தது. பெரும்பங்குச் செலவு தேவஸ்தானத்துடையது. அத்தை வீட்டிலிருந்து அலிபிரிக்குக் கால் மணி நேரத்தில் போக முடிகிறது. மாட்டுவண்டிக்கு ஓர் இரவில் பாதி ஆன தூரம் அது. இவ்வளவும் அலிபிரிக்கே வந்து சேர்ந்தது. 1891-இல் ரயில் போட்ட கோட்டின் மேல்தான் மேம்பாலமும் நிற்கிறது.

நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு மலையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பைக் கரையின் வண்டி நிறுத்தம் நாசமானபின், சபரிமலைக்குப் போகும் வண்டிகளை நிலக்கல்லிலேயே நிறுத்தினார்கள். அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசு பஸ்கள் சங்கிலிபோல் ஓடுகின்றன. நெரிசலும் முணுமுணுப்பும் உண்டு. ஆனால் இறங்கி வருகிற ஐயப்ப பக்தருக்குத் தன் வண்டி எங்கே, அதற்கு பஸ் எங்கே என்ற சந்தேகம் கிடையாது. ஏறிய பஸ்ஸிலேயே திரும்பலாம். அமெரிக்காவில் சயான் தேசியப் பூங்காவும் 2000-ஆம் ஆண்டிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இலவச பஸ் விட்டு, நெரிசல் மிகுந்த மாதங்களில் கார்களை வெளியே நிறுத்திவிட்டது. மலையேறப் போகிறவர்கள் வாசலிலேயே காரை மறந்துவிடுகிறார்கள்.

திருப்பதியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ரயில் நிலையத்திலிருந்து மெட்டடிக்கு பஸ் உண்டு. திருமலைக்குள் தர்ம ரதம் இலவசமாக ஓடுகிறது. மலைச்சாலையில் மின்சார பஸ்களும் வந்துவிட்டன. போகிறவரை மெட்டில் விடும் எண்ணம் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. மேலேயிருந்து இருட்டிய பிறகு இறங்குகிறவரை அவர் வண்டியிடம் சேர்க்கும் எண்ணம் இல்லை. காரணம் எனக்கு இப்போது புரிகிறது. இந்தப் போக்குவரத்து முழுவதும் ரயிலில் வந்த யாத்ரீகருக்காக, வண்டி இல்லாதவருக்காக உருவானது. அவருக்கு இறங்கிய இடத்திலிருந்து ஸ்டேஷன் போனால் போதும். வேலூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் சொந்தக் காரில் வரும் குடும்பம் இந்தக் கணக்குக்குள் பிறகு வந்து நுழைந்தது.

தேவஸ்தானத்திடம் நான் கேட்பது பெரிய கட்டடமல்ல. கார்களை ஊரிலேயே, லிங்க் பஸ் ஸ்டாண்ட் பக்கமே நிறுத்தச் சொல்லுங்கள். அங்கிருந்து மங்காபுரம் வழியாக மெட்டடிக்கு, பாதை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து பஸ் விடுங்கள். நேரத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதி வையுங்கள். அப்படிச் செய்தால் இறங்குகிறவர் வந்து சேரும் இடத்திலேயே அவர் வண்டி நிற்கும். காட்டோரச் சாலையும் காலியாகும். வண்டிக்காக ஒருவர் கீழே தங்க வேண்டியதில்லை. இதையே ஒரு மனுவாக எழுதினேன். அத்தையின் பேத்தி அதைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தாள். "வண்டி ஓட்டுகிறவர்களும் மெட்டு ஏற விரும்புகிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரியை அவளாகவே சேர்த்திருந்தாள். அதை அடிக்கவில்லை, அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.