மினுக் மினுக் மஞ்சள் விளக்கு

கார் ஓட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச விளக்குதான். டாஷ்போர்டுல குட்டியா ஒரு என்ஜின் படம், மஞ்சள் கலர்ல. பேரு செக் என்ஜின். "ஏதோ எர்ரர் வந்திருக்கு"ன்னு மட்டும் சொல்லும். எந்த ஃபைல், எந்த லைன்? மூச்சு விடாது. இப்படி ஒரு எர்ரர் மெசேஜ் நான் எழுதியிருந்தா எங்க டெஸ்டர் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பாங்க :-)

ஆனா லாக் ஃபைல் உள்ளே இருக்கு மக்களே. ஸ்டியரிங்குக்குக் கீழே தடவிப் பார்த்தா 16 பின் சாக்கெட் ஒண்ணு கிடைக்கும். ஓபிடி-2ன்னு பேரு. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயம். நம்மூரில் 2013ல் வந்தது. ப்ளூடூத் ரீடர் ஒண்ணு வாங்கிச் செருகினா மொபைல்லயே கோடு தெரியும்.

விளக்கு சும்மா எரிஞ்சா, வண்டியும் ஒழுங்கா ஓடினா, பதற வேண்டாம். ரெண்டு மூணு நாள்ல பார்த்துக்கலாம். மினுக் மினுக்னு கண்ணடிச்சாதான் வில்லங்கம். (சிவப்பு எண்ணெய்க்கிண்டி விளக்கு வேற ஜாதி. அது எரிஞ்சா அந்த நிமிஷமே என்ஜினை அணைச்சிடணும்.)

போன மாசம் அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு அப்பாவோட திருச்சி போயிட்டிருந்தேன். விக்கிரவாண்டி தாண்டினதும் வண்டி குலுங்குது, விளக்கு கண்ணடிக்குது. ஓரங்கட்டிட்டேன். அப்பாவுக்கு வந்ததே கோபம்!

"ஓடுற வண்டிய ஏன்டா நிறுத்துற? தாய்மாமன் நான் இல்லாம பொண்ணுக்கு மாலை யாரு போடுறது?"

நியாயம்தான். ஆனா விளக்கு மினுங்கினா, ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியலைன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டுல உள்ளே இருக்கிற பீங்கான் கூடு உருகிடும். பிளாட்டினம், பல்லேடியம் பூசின சமாச்சாரம் அது. விலை கேட்டா நமக்கு நெஞ்சு வலிக்கும்.

அப்பாவை விழுப்புரம் வரை ஆட்டோவில் கூட்டிட்டுப் போய் திருச்சி பஸ்ல ஏத்திவிட்டேன். முகம் கொடுத்துப் பேசலை.

திரும்பி வந்து ரீடரைச் செருகினா பி0302. ரெண்டாவது சிலிண்டர். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? பக்கத்து மெக்கானிக் ஷெட் அண்ணன்கிட்ட ஸ்பானர் வாங்கி, என்ஜின் ஆறினதும் ரெண்டாவது காயிலையும் மூணாவது காயிலையும் இடம் மாத்தினேன். கோடை அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணினா, பி0303! தப்பு காயிலோடயே நடந்து போயிருக்கு. ஆக, காயில்தான். "தம்பி மெக்கானிக்கா?"ன்னு அண்ணன் கேட்டப்போ, அப்ரைஸல்ல கூட வராத சந்தோஷம் ;-)

அண்ணனே டவுனுக்குப் போய்ப் புதுக் காயில் வாங்கிட்டு வந்தார். கூலியோட மூவாயிரத்துச் சொச்சம். நான் மண்டபம் போனப்போ ராத்திரி பத்து மணி. அப்பா சாப்பிட்டு முடிச்சு, "காயிலா?"ன்னு ஒரே வார்த்தை கேட்டுட்டுப் படுக்கப் போயிட்டார். காலையில மாலை அவர்தான் போட்டார்.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. விற்கிறவர் முந்தின நாள் கோடை அழிச்சு விளக்கை அணைச்சிருக்கலாம். ரீடர்ல ரெடினெஸ்னு ஒரு பக்கம் இருக்கும். கோடை அழிச்சா அதுவும் அழியும், கொஞ்ச நாள் ஓட்டினாதான் திரும்ப நிரம்பும். பேட்டரி கழட்டினாலும் அப்படித்தான். அதனால "இன்கம்ப்ளீட்"னு வரிசையா வந்தா உடனே சண்டைக்குப் போகாதீங்க. இன்னொரு வாரம் கழிச்சு வந்து பார்க்கிறேன்னு சொல்லிட்டு, விற்கிறவர் முகத்தைப் பாருங்க.