மலை ஏறி வரும் மருந்துப் பை

ஜவ்வாது என்றால் நமக்கு வாசனைப் பொடிதான் ஞாபகம் வரும். அதே பெயரில் குளுகுளுவென்று ஒரு மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது பலருக்குத் தெரியாது. அங்கே ஆசிரியையாக இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போய்விட்டு வந்தேன்.

போளூரில் பஸ் ஏறினால் ஜமுனாமரத்தூர். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வருகிறது. பலாவும் புளியும் நிற்க, நடுவே சாமை வயல்கள். இங்குள்ள பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர், பேசுவதோ தமிழ்தான். பீமன் அருவியில் குளிக்கலாம். காவலூரில், 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. குழந்தைகளோடு போக நல்ல இடம்.

ஆனால், சகோதரிகளே, அருவியைவிட என் மனசில் நின்றது வேறொன்று.

தங்கை வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடிசை. அந்த வீட்டு அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். மலையடிவாரத்துக்கும் ஊருக்குமாக அலைந்து வைத்தியம் பார்த்து, கடைசியில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். புண் ஆறவில்லை, வாடை. அதனால் படுக்கை திண்ணையில், தட்டும் தம்ளரும் தனி. பேரப்பிள்ளையைக் கிட்டே விடுவதில்லை.

"ஒட்டுவாரொட்டின்னு ஊர்ல சொல்றாங்கக்கா. இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சி. நான் என்னா பண்ணுவேன்?" என்றாள் மருமகள். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

மறுநாள் ஒரு நர்ஸம்மா வந்தார். ஜீப் போகிற மட்டும் ஜீப்; அப்புறம் நடை. புண்ணைக் கழுவி, வாடையைக் கட்டுப்படுத்த டாக்டர் எழுதித் தந்த மருந்துப் பொடியைத் தூவிக் கட்டினார். வலி மாத்திரையை, "வலி வந்தப்புறம் இல்லம்மா, மணி பார்த்துக் குடுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். "இது ஒட்டுற நோயே இல்ல. பேரனை மடியில உக்கார வைங்க" என்றார்.

பிறகு மருமகளிடம் திரும்பி, "நீ எப்பம்மா கடைசியாத் தூங்கினே?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை, அழுதுவிட்டாள். அன்றே பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இரவில் முறை வைத்து உட்கார ஒப்புக்கொண்டார்கள். நான் கிளம்புவதற்குள் பேரன் பாட்டியின் பாயில் விளையாடிக்கொண்டிருந்தான்.

நோயை மாற்ற முடியாதபோதும் வலியைக் குறைக்க முடியும், குடும்பத்தைத் தாங்க முடியும். இதற்கு ஆதரவுச் சிகிச்சை என்று பெயர். கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த ஒரு சங்கம், வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கும் அக்கம்பக்கத்தாரைக் கொண்டே இதைப் பெரிய இயக்கமாக வளர்க்க வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நோயாளியின் வீட்டுக்கே நர்ஸ் வரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு; உரிய படிவத்தில் ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

* படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது.

* வாய்ப்புண் இருந்தால், வெந்நீரை ஆறவைத்துச் சிட்டிகை உப்புப் போட்டு அடிக்கடி கொப்பளிக்கச் செய்யுங்கள். காரம், புளிப்பு வேண்டாம்.

* சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சாமைக் கஞ்சியோ மோரோ, கேட்கும்போது இரண்டு வாய் போதும்.

* மார்ஃபின் போன்ற வலி மருந்து தந்தால் பயம் வேண்டாம். டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

* 'சரியாயிடும்' என்று பொய் சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டால், "பரவாயில்லீங்க" என்றுதான் சொல்வார்கள். ஆகவே கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு பாத்திரம் ரசம் சாதத்தோடு போய், "நீ ஒரு மணி நேரம் படுத்துக்கோ, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள்.