பாட்டியோடு பிரெஞ்சு எல்லைக்கு

பயணத் திட்டம் போடும்போது, “காரைக்காலுக்குப் பாஸ்போர்ட் வேண்டாமா, பாட்டி?” என்று கேலி செய்தான் பேரன். பாட்டி சிரிக்கவில்லை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வரும் வரையில் அது பிரெஞ்சுச் சீமைதானே! சிறுமியாய் அங்கே வாங்கிய பொம்மையை, திரும்பும்போது சுங்கச் சாவடியில் பிடுங்கிக்கொண்டார்களாம்.

கும்பகோணத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். மயிலாடுதுறையில் காப்பி. தரங்கம்பாடியில், 1620-இல் டேனிஷ்காரர் எழுப்பிய கோட்டையைப் பேரன் சுற்றி வந்தான். உச்சி வேளையில் நடை சாத்துமுன் காரைக்கால் அம்மையாரைத் தரிசிக்க வேண்டுமே என்று விரைந்தோம். நண்டலாற்றில் காரை நிறுத்தச் சொன்னாள் பாட்டி.

இன்று அது புதுச்சேரிப் பிரதேசத்தின் எல்லை. பொம்மைக்குச் சுங்கம் கிடையாது.

மாலையில் பாட்டி அதே வழியாகத் திரும்பினாள். மடியில் பேரன் வாங்கித் தந்த பொம்மை!